தண்ணீரையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும்



மூட்டையைக் குத்தூசியால் குத்தி, அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்காமல் சரக்கு எடுக்காதவர்கள் நாம். ஆனால் வீட்டுக்குத் தண்ணீர்க் கருவி வாங்கும்போது மட்டும், விற்க வந்தவரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். அப்படிக் கொடுத்தவர்களில் அடியேனும் ஒருவன்.

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாய் வாயெல்லாம் வெள்ளை படியும். "உப்பு போய்விடும்" என்று சொல்லி ஒரு சாஃப்ட்னரை மாட்டிவிட்டுப் போனார்கள். சோப்பு நுரைத்தது. காபி மட்டும் முன்போலவே கரித்தது.

'உப்புத் தண்ணீர்' என்ற ஒரே பெயரில் இரண்டு குறைகளை நாம் சொல்கிறோம். ஒன்று கடினத்தன்மை, கால்சியமும் மக்னீசியமும் செய்வது. மற்றொன்று கரிப்பு, பெரும்பாலும் நம் கடையில் விற்கும் அதே சோடியம் குளோரைடு செய்வது. சாஃப்ட்னர் முதலாவதை எடுத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். கரிப்பை அது குறைக்காது. காய்ச்சினாலும், கேண்டில் ஃபில்டரில் ஊற்றினாலும் கரிப்பு போகாது. வீட்டில் அதற்கு நடைமுறை வழி ஆர்.ஓ.தான். 2010 ஜூலையில் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலையும் அந்த முறையில்தான் கடல்நீரைக் குடிநீராக்க அமைக்கப்பட்டது.

நம் பகுதிக்குக் கரிப்பு வந்த கதை ஊரறிந்தது. 1960களின் இறுதியிலிருந்து சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகளிலிருந்து அளவின்றி நீர் இறைத்தார்கள். நன்னீர் இறங்கிய இடத்தில் கடல்நீர் ஏறியது. ஆனாலும் தெருவுக்குத் தெரு, ஆழத்துக்கு ஆழம் தண்ணீர் மாறுகிறது. அடுத்த வீட்டுக்காரர் வாங்கினார் என்று நாமும் வாங்குவது சரியாகாது.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் செலுத்தினால் அறிக்கை தருவார்கள். அதில் மூன்று எண்களைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி, லிட்டருக்கு மொத்தக் கரைதிடம் 500 மி.கிராம், கடினத்தன்மை 200, குளோரைடு 250 வரை நல்லது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் முறையே 2000, 600, 1000 வரை அனுமதி உண்டு. கடினத்தன்மை மட்டும் மிகுந்தால், குளிக்கவும் துவைக்கவும் சாஃப்ட்னர் போதும். கரைதிடமும் குளோரைடும் மிகுந்தால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆர்.ஓ. வையுங்கள். மூன்றும், அறிக்கையின் மற்ற அளவுகளும் வரம்புக்குள் இருந்தால் காய்ச்சி வடிகட்டினாலே போதும், பணம் மிச்சம்.

இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, "பாருங்கள் அழுக்கை" என்று காட்டுவார்கள். அந்தப் பழுப்பு நிறம் இரும்புக் கம்பி கரைந்து வருவது. நல்ல கிணற்று நீரும் அப்படித்தான் நிறம் மாறும்.

இக்கருவிகளைக் கமிஷனுக்கு விற்கும் நம் உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளரிடம் முதலில் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். தேவையில்லை என்றால் தேவையில்லை என்று சொல்லுங்கள். ஒரு கருவியின் கமிஷன் ஒரு நாள் வரவு. வாடிக்கையாளரின் நம்பிக்கையோ தலைமுறை முதல்!