மதுரைக்கும் வாகைக்குளத்துக்கும் நடுவே ஒரு விமானம் தேவையா?

வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம் 2025 ஜூலை 26 முதல் புதுத் தோற்றம் பெற்றுவிட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. பெரிய விமானங்களே வந்து இறங்கலாம். தென் மாவட்ட வணிகர்களாகிய நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இதைச் சாக்காக வைத்து, "மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானம் விட்டால் என்ன?" என்று நம்மவர்களில் சிலர் பேசுவது சரியா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

இரண்டு நிலையங்களுக்கும் ஆகாய மார்க்கமாக சுமார் 125 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் சிறிய ஏ.டி.ஆர். விமானத்துக்கு இது கால் மணி நேரப் பாடு. ஆனால் விமானம் பஸ்ஸைப் போல எடுத்த எடுப்பில் ஓடுவதில்லை. ஏற வேண்டும், இறங்க வேண்டும், ஓடுபாதைக்கு நேராக வளைந்து வர வேண்டும். எப்படியும் அரை மணிக்குக் குறையாது. போகும் வழியில் ஏறுவதற்கே எண்ணெயை அதிகம் குடித்துவிடும். அந்தச் செலவு டிக்கெட்டில்தான் வந்து விடியும்.

கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரி ஒருவர் துறைமுகத்தில் இறங்கிய சரக்கைப் பார்க்கப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையிலிருந்து விமான நிலையம் சேர 40 நிமிடம். ஒரு மணி நேரம் முன்னதாகப் போகாவிட்டால் கவுண்டரை மூடிவிடுவார்கள். பறக்க 35 நிமிடம், இறங்கி வெளியே வர 20, ஊருக்குள் போக அரை மணி. ஆக மூன்று மணியைத் தாண்டுகிறது! அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகக் காரில் போனால் இரண்டரை மணியில் உப்பளத்தைப் பார்த்துவிடலாம். சாம்பிள் மூட்டையையும் கூடவே ஏற்றி வரலாம்.

இதைவிடக் குறைந்த தூரத்துக்கும் உலகில் விமானம் உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு நிமிடப் பயணம். அங்கே குறுக்கே கடல் கிடக்கிறது. நமக்கு நாலுவழிச் சாலை கிடக்கிறது. 2016-ல் வந்த உடான் திட்டமே மலை, தீவு போன்ற இடங்கள் நீங்கலாக 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தடங்களைத்தான் கணக்கில் எடுத்தது.

விமான நிலையங்களிடம் நாம் கேட்க வேண்டியது வேறு. காலையில் சென்னை போய் கொள்முதல் முடித்து இரவே வீடு திரும்ப வசதியான நேரம். விமான நேரத்துக்கு ஒத்த பஸ். சின்ன வியாபாரியும் இரண்டு பெட்டி சரக்கு அனுப்பக்கூடிய சரக்குக் கூடம். தனி ஆளாகக் கடை நடத்துகிறவருக்கு ஒரு நாள் கடையைப் பூட்டுவது என்றால் என்னவென்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விருதுநகர்க்காரர் மதுரைக்கும், கோவில்பட்டிக்காரர் வாகைக்குளத்துக்கும் போய்க்கொள்வார்கள்.

மதுரையும் தூத்துக்குடியும் நெருங்க வேண்டுமானால் அதற்கு வழி தரையில் இருக்கிறது. அருப்புக்கோட்டை வழியாக 143.5 கிலோமீட்டர் புதிய ரயில் பாதைக்கு 2011-12-லேயே அனுமதி கிடைத்தது. மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரை 18 கிலோமீட்டர் போட்டும் விட்டார்கள். அந்தப் பாதை வந்தால் ஆளும் போகலாம், மூட்டையும் போகலாம். இரு ஊர் வணிகர் சங்கங்களும் அடுத்த பொதுக்குழுவில் விமானத் தீர்மானத்தைத் தள்ளி வைத்து, மேலமருதூருக்கு அப்பால் வேலையை விரைந்து முடிக்கக் கோரி ரயில்வேக்குக் கூட்டாக எழுத வேண்டுகிறோம்.