நோய் ஒன்று, வழிகள் பல

எயிட்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் வீட்டுப் பெரியோர் பேச்சை மாற்றிவிடுகின்றனர். பிள்ளைகள் முன்னிலையிற் பேசத்தகாத விஷயம் என்பது அவர்தம் எண்ணம். அதனை நாம் ஏற்பதற்கில்லை.

கிருமி ஒன்றேயாயினும் அது பரவிய வழி ஊருக்கு ஊர் வேறுபடும். இந்தியாவில் இக்கிருமி 1986ஆம் ஆண்டிற் சென்னையிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கண்டறிந்தோர் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் ஆவர். தமிழ்நாட்டிலே அது பெரும்பாலும் ஆண் பெண் உறவினாற் பரவிற்று. லொறித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் பெரிதும் வருந்திற்று. நெடுந்தூரம் சென்று மீண்ட சாரதிகளிடமிருந்து, வீட்டைவிட்டு அகலாத மனைவியர்க்கும் நோய் வந்து சேர்ந்தது. மணிப்பூரிலோ கதை வேறு. பர்மிய எல்லை வழியே வந்த ஹெரோயினை ஏற்றிக்கொள்ள வாலிபர் பலர் ஒரே ஊசியைப் பாவித்தனர். அவ்வூசியே கிருமியைச் சுமந்தது. சாரதிக்கு ஆணுறையைப் பற்றிச் சொல்லவேண்டும். மணிப்பூர் வாலிபனுக்குப் புதிய ஊசியைப் பற்றிச் சொல்லவேண்டும். இருவருக்கும் பொதுவாக, "ஒழுக்கமாயிரு" என்று உபதேசித்துவிடுதல் எளிது, பயனோ சிறிது.

நம் நாட்டில், இலங்கையர் ஒருவரிடம் இக்கிருமி முதலிற் காணப்பட்டது 1987இல். இன்றும் இங்கு நோயுற்றோர் தொகை குறைவே. கர்ப்பிணிகள் அனைவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்து, தேவையானோர்க்கு மருந்தளித்தமையால், தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றளித்தது. ஆயினும் அண்மைக் காலத்திற் புதிதாகக் காணப்படுவோருட் பெரும்பாலோர் ஆண்கள். இளைஞரும் அவருட் பலர். பாடசாலையை விட்டு அண்மையில் வெளியேறியோர் இவர்கள் என்பதை ஆசிரியர்கள் கவனிப்பார்களாக.

2016இல் நிகழ்ந்ததையும் சொல்லவேண்டும். ஒரு சிறுவனுக்கு இந்நோய் உண்டென வதந்தி எழுந்தது. அவனுடன் தம் பிள்ளைகள் இருந்து படிப்பதைப் பெற்றோர் எதிர்த்தனர். ஈற்றிற் கண்டிக் கல்லூரியொன்று அவனை ஏற்றுக்கொண்டது. அவனுக்கு நோய் இருக்கவேயில்லை. இருந்திருப்பினும் என்ன? ஒரே வாங்கில் இருப்பதாலும் ஒரே குவளையில் நீர் அருந்துவதாலும் இது தொற்றுவதில்லை. அங்கே பாடம் வேண்டியிருந்தது மாணாக்கர்க்கன்று.

கிருமி தொற்றியவரும் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டால் நெடுங்காலம் வாழலாம். இரத்தத்திற் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிடின், உறவினாலும் அது பிறர்க்குச் செல்லாது. அரசினர் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிற் பரிசோதனை இலவசம். செல்வோர் விபரம் இரகசியமாகவே வைக்கப்படுகிறது.