சாப்பிட பத்து நிமிடம்... யோசிக்க நாள் முழுக்க!

'டயட்ல இருக்கேன்' என்று சாப்பாட்டைத் தவிர்ப்பவர்கள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். அது வெறும் டயட்டா, 'ஈட்டிங் டிஸ்ஆர்டர்' என்ற மனநலப் பிரச்னையா? எடை மெஷினைப் பார்ப்பதைவிட, அவர்களின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள்.

அடையாறிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். எழுந்ததும் எடை பார்க்க வேண்டும். தி.நகரில் துணி எடுக்கப் போனால் டிரயல் ரூம் கண்ணாடி முன்பே அரை மணி நேரம். தோழிகள் மயிலாப்பூர் மாட வீதிக்கு டிபன் சாப்பிடக் கூப்பிட்டால், போகாமலிருக்க ஒரு காரணம் தேட வேண்டும். அறுபத்துமூவர் விழாவில் கையில் தரும் பிரசாதத்துக்கும் மனசு கணக்குப் போடும். புத்தகம் திறந்திருக்கும், படிப்பு ஏறாது.

இது வீம்பு அல்ல. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாதங்கள் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்களின் பேச்சு, கனவு எல்லாம் சாப்பாடாகவே ஆனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். தட்டில் இருந்த கொஞ்சத்தை வெகுநேரம் இழுத்துச் சாப்பிட்டார்கள். நண்பர்கள், படிப்பு என எதிலும் நாட்டமில்லை. பட்டினியே மனதை இப்படி ஆக்கிரமிக்கும்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. டி.என்.ஸ்ரீனிவாசன் உள்ளிட்ட சென்னை மருத்துவர்கள், மருத்துவ மாணவர்கள் 210 பேரிடம் நடத்திய ஆய்வு 1995-ல் வெளியானது. நோய் என்று சொல்லும் அளவுக்குப் போகாவிட்டாலும், சாப்பாடு, உடல்வாகு பற்றிய மன உளைச்சல் 31 பேருக்கு இருந்தது.

வீட்டில் எதைக் கவனிக்கலாம்?

* எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது
* சாப்பிட்ட உடனே பாத்ரூமுக்குள் போய் வெகுநேரம் இருப்பது
* யாருக்கும் தெரியாமல் நிறைய சாப்பிட்டுவிட்டு, பிறகு குற்ற உணர்வில் தவிப்பது
* காய்ச்சலிலும் உடற்பயிற்சியை விடாதது
* மாதவிலக்கு தள்ளிப்போவது

எடை சரியாக இருந்தாலும் ஆபத்து உண்டு. அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறலாம். பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும் இது வரும்.

'இளைச்சுட்டியே', 'குண்டாயிட்டியே' இரண்டையும் நிறுத்துங்கள். 'ஒழுங்கா சாப்பிடு' என்று அதட்டுவதற்குப் பதில், 'சாப்பாட்டைப் பத்தியே யோசிச்சிட்டிருக்கியாம்மா?' என்று கேளுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் வெளிநோயாளியாகவே மருத்துவரைப் பார்க்கலாம். 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். மயக்கமோ, நெஞ்சுப் படபடப்போ இருந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.