அசலைக் கேட்கும் முதலாளி

சென்ற மாதம் ஒரு தாயார் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பிள்ளை பி.காம். தேறி ஒன்றரை வருஷமாக வீட்டில் இருக்கிறானாம். இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் மாதம் 18,000 ரூபாய். பேட்டிக்குப் போன அன்றே, "திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்" என்று சொல்லிவிட்டார்களாம். இதுவரையில் சந்தோஷந்தான். பிறகுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

"அசல் சான்றிதழ்களையெல்லாம் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். பயிற்சிக்கென்று 12,000 ரூபாய் கட்டவேண்டுமாம். ஆறு மாதத்தில் திருப்பித் தந்துவிடுவார்களாம். என் வளையலை அடகு வைத்துக் கட்டிவிடலாமா?" என்று கேட்டிருந்தார்.

கட்ட வேண்டாம், அசலையும் கொடுக்க வேண்டாம் என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். ஆனால் வேலை தேடும் பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீடு எது? ஆகையால் காரணத்தை உங்கள் எல்லோருக்குமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அநுபவம் உண்டு. காலேஜை விட்டு வந்த புதிதில் நானும் இப்படித்தான் ஒரு கம்பெனிப் படியேறினேன். அங்கே இருந்த மானேஜர் மகா இனிமையான மனிதர். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். "தம்பி" என்று கூப்பிட்டார். ஐந்தே நிமிஷத்தில் பேட்டி முடிந்துவிட்டது. "சான்றிதழ்களைச் சும்மா ஒரு வழக்கத்துக்காக வாங்கி வைக்கிறோம்" என்று சொல்லி, அவற்றை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். நம்முடைய சான்றிதழுக்கு இவ்வளவு பெரிய பீரோவா என்று எனக்குப் பெருமை வேறு!

முதல் மாதச் சம்பளம் வரவில்லை. "அடுத்த மாதம் சேர்த்து" என்றார்கள். அந்தச் சமயத்தில் வேறோர் இடத்திலிருந்து நல்ல வேலைக்குக் கூப்பிட்டு, சரிபார்க்க அசலுடன் வரச் சொன்னார்கள். பீரோவண்டை போனேன். சாவி மானேஜரிடம் இருக்கிறது என்றார்கள். மானேஜர் கோயம்புத்தூரில் இருக்கிறார் என்றார்கள். அவர் திரும்பி வந்ததும், "உன்னைத் தயார் செய்ய எவ்வளவு செலவு செய்திருக்கிறோம், தெரியுமா? அதைக் கட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போ" என்றார். முகத்தில் அதே புன்னகை. "தம்பி" மட்டும் காணோம்.

அந்த இன்னொரு இடத்தார் பத்து நாள் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் என் தகப்பனார் ஊரிலிருந்து வந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் போய் நின்று பழக்கம் இல்லாதவர். அந்தக் கம்பெனி வாசல் பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், "நீங்களும் அசலைக் கொடுத்துவிட்டீர்களா?" என்று மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் மாலை சான்றிதழ்கள் வந்து சேர்ந்தன. கோப்பில் கோப்பதற்காக இரண்டு துளை போட்டிருந்தார்கள். ஒரு துளை சரியாகச் சர்வகலாசாலை முத்திரையின் நடுவில் விழுந்திருந்தது.

தொடர்கதையில் வில்லனைக் கண்டுபிடிப்பது சுலபம். முதல் வாரத்திலேயே சித்திரக்காரர் அவனுக்கு முறுக்கு மீசை வைத்துவிடுவார். நிஜத்தில் அவன் காப்பி வாங்கிக் கொடுக்கிறான். ஆகவே முகத்தைப் பார்த்துப் பயனில்லை. கொடுக்கல் வாங்கலைப் பார்க்கவேண்டும். வேலை என்பது நம் உழைப்பைக் கொடுத்து அவர் பணத்தை வாங்குவது. ஒரு நாள் வேலை நடப்பதற்கு முன்பே நம்மிடமிருந்து பணமோ பத்திரமோ அந்தப் பக்கம் போகிறதென்றால், வியாபாரம் திசை மாறிவிட்டது என்று அர்த்தம். கணக்கைப் பாருங்கள். மாதம் 50 பேரிடம் தலைக்கு 12,000 வாங்கினால் ஆறு லட்சம் ரூபாய். இப்படி வருமானம் வருகிற கம்பெனிக்கு வேறு சரக்கு எதற்கு? அவர்களுக்குச் சரக்கே நம் பிள்ளைகள்தான்.

என்னிடம் அன்று யாருமே உருப்படியாக ஒரு கேள்வி கேட்கவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. இவனுக்கு வேலை தெரியுமா என்ற கவலை கொஞ்சங்கூட இல்லாதவர், நமக்கு எந்த வேலையைக் கொடுக்கப் போகிறார்? நானும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் யார், ஏன் போனார் என்று கேட்டிருக்கலாம். அதற்குக் கூச்சமாக இருந்தால், எதிர்ப்புற டீக்கடையில் ஒரு டீ குடித்திருக்கலாம். எந்தக் கம்பெனியில் எத்தனை நாளைக்கு ஒருமுறை புது முகம் வருகிறது, யாருக்குச் சம்பளம் பாக்கி என்பதெல்லாம் கடன் கணக்கு வைத்திருக்கும் டீக்கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

அவசரமும் ஒரு குறிதான். "இன்றைக்கே சொல்ல வேண்டும்" என்று நெருக்குகிறவரிடம், "நியமனக் கடிதத்தைக் கொடுங்கள், வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், வேலைக்கு எடுப்பவர் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கின்றன. "கடிதமெல்லாம் மூன்று மாதம் கழித்து" என்று இழுத்தால் நாமும் இழுக்கலாம். வேறு சிலர், "பி.எப். பிடித்தம் கிடையாது, சம்பளம் முழுசாகக் கைக்கு வரும்" என்று சலுகை போலச் சொல்வார்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் பெரும்பாலும் அது சலுகை அல்ல. நம் பங்குக்குச் சமமாக அவர் போட வேண்டிய 12 சதவீதத்தைத் தம் பையில் போட்டுக்கொள்கிறார்.

ஜவுளிக்கடையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. சேருவதற்கு முன் அந்தக் கடைக்குள் ஒரு தரம் சுற்றி வாருங்கள். விற்பனைப் பெண்கள் உட்கார ஸ்டூல் இருக்கிறதா? ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்தியாயிற்று. ஸ்டூலுக்கே கணக்குப் பார்க்கிறவர் மற்றவற்றுக்கும் பார்ப்பார்.

சான்றிதழுக்கு அண்ணன் பாஸ்போர்ட். அது கை மாறினால் பெஞ்சில் போய் உட்காரத் தகப்பனாரால்கூட முடியாது. 2022-இல் நடந்தது ஞாபகம் இருக்கும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப் போன இந்திய இளைஞர்களை, நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உள்பட, எல்லை தாண்டி மியான்மரில் மியாவடி என்ற ஊருக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்யும்படி வற்புறுத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் இந்திய அரசாங்கமே எச்சரிக்கை வெளியிட்டது. வேலைக்குக் கூப்பிட்டுவிட்டுச் சுற்றுலா விசாவில் வரச் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு, 1983-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று செல்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எல்லா முதலாளியையும் சந்தேகப்படச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்தப் பத்திரிகைக் காரியாலயத்துக்கு நான் பேட்டிக்கு வந்த அன்று மின்விசிறி ஓடவில்லை. காப்பியும் கிடையாது. ஆசிரியர் நாற்பது நிமிஷம் கேள்வி கேட்டே வியர்க்க வைத்தார். அசலை வாங்கிப் பார்த்தார். முத்திரையில் இருந்த துளையைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அப்போதே என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தாயாரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அம்மா, என் கடிதம் கிடைப்பதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது. பிள்ளை அசலைக் கொடுத்திருந்தால், என்னென்ன கொடுத்தான் என்று பட்டியல் போட்டு, திருப்பித் தரும்படி கேட்டு, கம்பெனி விலாசத்துக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். அந்த ரசீதும் பணம் கட்டிய ரசீதும் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு வாரத்தில் வராவிட்டால் அவற்றின் நகலோடு போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். கொடுக்கவில்லையென்றால் ஒரு கார்டு போடுங்கள். வளையல் கையில்தான் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.