நாற்றமா? மணமா?

சாப்பாட்டு விஷயத்தில் கட்சி கட்டுவது நல்ல பிள்ளைகளுக்கு அழகன்று என்று பெரியோர் சொல்லுவார்கள். ஆயினும் இவ்வாண்டு எங்கள் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்றது. அதற்குக் காரணம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்பு பாட்டில் என்றால் பெற்றோர் நகைக்கக்கூடும். அதன் பெயர் மார்மைட். ஜாமைப் போல ரொட்டியில் தடவிக்கொள்வது. ஆனால் இனிப்பு அணுவளவும் கிடையாது. உப்பும் கசப்பும் புளித்த வாடையும் சேர்ந்த, தார் போன்ற கெட்டிக் குழம்பு. பிடித்தவர்கள் பாட்டிலை விரலால் வழித்துச் சாப்பிடுகிறார்கள். பிடிக்காதவர்கள் மூடியைத் திறந்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் நிற்பவர் மிகச் சிலர்.

புதுக்கோட்டைச் சீமைக்கு இது எப்படி வந்தது? இரண்டு வழிகளில் வந்தது. அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்து வீடுகளில் அண்ணனோ சித்தப்பாவோ சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்ப்பது சாதாரணம். அவர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் தைலம், சாக்லேட்டோடு இந்தப் பாட்டிலும் சில வேளை வந்துவிடுகிறது. இன்னொரு வழி இலங்கை. நம் மாவட்டத்தில் லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021 முதல் அவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்று அரசு அழைக்கிறது. அங்கிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் பாணோடு இதைத் தின்பது தாத்தா காலத்துப் பழக்கமாம். பாண் என்றால் ரொட்டி. மார்மைட்டை அவர்கள் 'மாமைற்' என்கிறார்கள். அவள் இங்கேயே பிறந்தவள். இலங்கையைக் கண்டதே இல்லை. நாக்குக்கு மட்டும் அந்த ஊர் தெரியும்.

ஒரு நாள் அவள் டிபன் பாக்ஸில் மார்மைட் தடவிய ரொட்டி இருந்தது. அருகில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். "ஷூ பாலிஷ்" என்றாள் ஒருத்தி. "மாட்டு மருந்து" என்றாள் மற்றொருத்தி. மறுநாள் முதல் அவள் தயிர்ச்சோறு மட்டுமே கொண்டு வந்தாள். அதையும் பாதியில் மூடி வைத்தாள். அவ்வளவில் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. அடுத்த வாரம் ஒரு தாள் வகுப்பில் சுற்றிவந்தது. நாற்றமுள்ள பண்டங்களை மதிய உணவுக்குக் கொண்டுவர யாரையும் அனுமதிக்கக் கூடாது என்று தலைமை சிஸ்டருக்கு எழுதிய விண்ணப்பம். முதலில் மார்மைட், அடுத்துக் கருவாடு, பிறகு நண்டு என்று பட்டியல் நீண்டது. அத்தாளில் ஏன் கையெழுத்திடவில்லை என்பதைச் சொல்லவே நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: எங்களில் ஆறு பேருக்கு மார்மைட் பிடிக்கவே பிடிக்காது.

எதிர்க்கட்சியார் கூறும் குற்றச்சாட்டுகளை முதலில் பார்ப்போம். இது சாராயக் கசடு என்கிறார்கள். அதில் பாதி உண்மை. பீர் காய்ச்சும் தொட்டியில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்துதான் இது செய்யப்படுகிறது. அந்த ஈஸ்ட்டைச் சாறாக்கித் தின்னலாம் என்று கண்டவர் லீபிக் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர். 1902-ல் இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊரில் மார்மைட் கம்பெனி தொடங்கியது; அவ்வூர் பீர் ஆலைகளுக்குப் பேர்போனது. ஈஸ்ட்டில் உப்பிட்டுச் சூடுபடுத்தினால் அதன் உயிரணுக்கள் தம்மைத் தாமே கரைத்துக்கொள்ளும். தோலை வடிகட்டிவிட்டுச் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் மார்மைட். ஆனால் ஈஸ்ட் என்ன, தீண்டத்தகாத பொருளா? ரொட்டியை உப்பச் செய்வது அதுதான். கள் விட்டுப் புளிக்க வைத்த ஆப்ப மாவைப் பாட்டிமார் அறியாதவர்களா? இட்லி மாவும் பழைய சோறும் நம் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் சமைத்தவையே. புளித்ததையெல்லாம் தள்ளினால் காலைப் பலகாரத்துக்கே வழியில்லை.

மாட்டிறைச்சிச் சாறு என்பது அடுத்த சந்தேகம். பாவ்ரில் என்ற வேறொரு கறுப்பு பாட்டில் உண்டு. அது மாட்டிறைச்சியில் செய்தது. நிறமும் பாட்டிலின் உருவமும் ஒத்திருப்பதால் இந்தக் குழப்பம். மார்மைட்டில் இறைச்சி இல்லை. இறைச்சியின் ருசி மட்டும் இருக்கிறது. குளுட்டமேட் என்னும் பொருளே அதற்குக் காரணம். 1908-ல் இக்கேடா என்ற ஜப்பானிய அறிஞர் கடற்பாசியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். தக்காளியிலும் அது உண்டு.

இனி ஆதரிப்போர் பக்கம். அவர்கள் இதை அமிர்தம் என்கிறார்கள்; இரத்தம் ஊறும் என்கிறார்கள். இதை நம்புவதா என்று தேடியபோதுதான், எங்களில் யாரும் எதிர்பாராத ஒரு பெண்மணியைச் சந்தித்தோம். அவர் பெயர் லூசி வில்ஸ். 1888-ல் இங்கிலாந்தில் பிறந்து, எங்களைப் போல ஒரு பெண்கள் பள்ளியில் பயின்று, பிறகு மருத்துவரானவர். 1928-ல் அவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் இரத்தசோகைக்கு ஆளாகி மடிந்துகொண்டிருந்தனர். கிருமியா, உணவா, காரணம் எது என்று யாருக்கும் தெளிவில்லை. வில்ஸ் அம்மையார் அப்பெண்கள் என்ன தின்றார்கள் என்று விசாரித்தார். அதே போன்ற எளிய உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் இரத்தசோகை கண்டது. பிறகு மார்மைட்டைக் கொடுத்தார். குரங்குகள் தேறின. பெண்களுக்கும் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் இதை வெளியிட்டார். நம் தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு: குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னையில் இன்றும் மக்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று அழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் அவர் பணிபுரிந்தார்.

அந்தப் பெண்களைக் காப்பாற்றிய பொருள் எது என்று அன்று அவருக்கே தெரியாது. 'வில்ஸ் காரணி' என்று மட்டும் சொன்னார்கள். 1941-ல் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்துப் பிழிந்து அப்பொருளைச் சிறிதளவு பிரித்தெடுத்தார்கள். இலை என்பதற்கான இலத்தீன் சொல்லைக்கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். பள்ளிகளில் வாரம் ஒரு முறை வளரிளம் பெண்களுக்குத் தரப்படுகிறதே நீல மாத்திரை, அதில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. மாத்திரையை ஜன்னல் வழியே எறியும் தோழியர் இதைக் கவனிக்கவும். இலங்கையில் 1934-35-ல் பரவிய மலேரியாவில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர். அப்போது நோயாளிகளுக்கு மார்மைட் கொடுத்தார்கள். அத்தீவில் அதற்கு இன்றும் ஒரு மரியாதை இருப்பதில் வியப்பில்லை.

ஆகவே ஆதரிப்போர் சொல்வது பொய்யல்ல, ஆனால் மிகைப்படுத்துகிறார்கள். அக்காலத்தில் மார்மைட் தீர்த்தது ஒரு வகை இரத்தசோகையை மட்டுமே. நம் வயதுப் பெண்களுக்குப் பெரும்பாலும் குறைவது இரும்புச் சத்து. அதற்கு இந்தப் பாட்டில் போதாது. மேலும் 100 கிராம் மார்மைட்டில் ஏறக்குறைய 10 கிராம் உப்பு இருக்கிறது. விலையோ கேட்கவே வேண்டாம். இலையின் பெயரைத் தாங்கிய சத்துக்கு இலையையே தின்னலாமே! முருங்கைக் கீரையை வேலியோரத்தில் ஒடித்துக்கொள்ளக் காசு வேண்டாம். வெளிநாட்டுப் பாட்டில் என்பதற்காக ஒரு பொருள் உயர்ந்ததாகிவிடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. இதில் ஆதரிப்போரில் சிலர் எங்கள் மேல் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

பிடிக்கிறதா இல்லையா என்பதில் பெரும்பகுதி தடவும் அளவில் இருக்கிறது என்பதையும் கண்டோம். ஜாம் போலத் தடித்துத் தடவினால் யாருக்குத்தான் பிடிக்கும்? வெண்ணெய் தடவிய ரொட்டியில் நிறம் மாறும் அளவுக்குத் தொட்டு இழுத்தால் போதும் என்று தோழியின் பாட்டி சொன்னார். அவர் வெந்நீரில் கால் கரண்டி கரைத்து, எலுமிச்சை பிழிந்து, வதக்கிய வெங்காயம் போட்டுக் குடிக்கத் தந்தார். ஒன்பது பேரில் எழுவர் முழுவதும் குடித்தோம். மலேசியாவில் சீனர் உணவுக்கடைகளில் இதைத் தேனோடு சேர்த்துக் கோழி வறுக்கிறார்கள், கஞ்சியிலும் கலக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை நாங்களும் சமைத்துப் பார்த்தோம். அரிசிக் கஞ்சியில் உப்புக்குப் பதிலாகச் சிறிது சேர்த்தது நன்றாகவே இருந்தது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை இறக்கும்போது கால் கரண்டி விட்டால் ருசி கூடுகிறது. எது சேர்ந்தது என்று வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ரசத்தோடு மட்டும் அது சேரவே சேராது. மிளகுக்கும் அதற்கும் ஜென்மப் பகை போலும்.

இப்போது அந்த விண்ணப்பத் தாளுக்கு வருவோம். 'நாற்றமுள்ள பண்டங்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். நாற்றம் என்ற சொல்லுக்கே முற்காலத்தில் நறுமணம் என்பதுதான் பொருள் என்று தமிழாசிரியை எங்களுக்குக் கற்பித்தார். பூவின் நாற்றம் என்று எழுதினார்கள். சொல் மாறவில்லை, மூக்குதான் மாறியது. பெருங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்கானிஸ்தானத்திலிருந்து வரும் அந்தப் பிசினை ஐரோப்பியர் பிசாசின் சாணம் என்று அழைத்தார்கள். நமக்கோ அது இல்லாமல் சாம்பார் இல்லை. அவர்கள் பள்ளியில் நாம் சாம்பார் சாதத்தைத் திறந்தால் நமக்கும் ஒரு தாள் சுற்றிவரக்கூடும்.

பட்டியலை மீண்டும் படித்துப் பாருங்கள். மார்மைட் என்றால் முகாமிலிருந்து வருபவள். கருவாடும் நண்டும் என்றால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் கடற்கரைத் தோழியர். அப்பெண்களின் தந்தையர் கடலுக்குப் போய் ஈட்டிய வருமானத்தில்தான் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார்கள். புளியோதரை, பூண்டு ஊறுகாய், முட்டை எதுவும் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு மணமில்லையா? அவிந்த முட்டையை மூடிவைத்த டிபன் பாக்ஸைச் சித்திரை வெயிலில் திறந்து பார்த்தவர்கள் பதில் சொல்லட்டும். தாளை எழுதியவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தம் வீட்டு வாசனை தம் மூக்குக்குத் தெரிவதில்லை; எழுத உட்கார்ந்தபோது அடுத்த வீட்டு வாசனை மட்டுமே நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் விதி என்று ஆகிவிட்டால் அது சிலர் மேல் மட்டும்தான் விழும்.

எங்கள் வயதில் சாப்பாட்டு டப்பாவை மூடுவது சிறிய விஷயமல்ல. நாட்டில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு கூறுகிறது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. இந்தத் தோழிக்கு அது அதற்கும் கீழே என்பதைச் சோதனை நாளன்று அருகில் நின்ற நாங்கள் அறிவோம். அவள் அனுமதியோடுதான் இங்கே எழுதுகிறோம். கேலிக்குப் பயந்து பசியோடு உட்கார்ந்திருப்பவளுக்கு நீல மாத்திரை கொடுத்து என்ன பயன்?

எதிர்க்கட்சியில் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்கமாட்டோம். சிலருக்கு உண்மையிலேயே கடும் வாடையால் தலைவலியும் குமட்டலும் வருகின்றன. எங்கள் ஒன்பது பேரில் ஒருத்திக்கே கருவாடு ஆகாது. அவள் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். யாரையும் எழுப்பிவிடுவதில்லை, யாரைப் பார்த்தும் மூக்கைப் பிடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. தின்றுகொண்டிருப்பவள் முகத்துக்கு நேரே "சீ" என்பது அந்த உரிமையில் சேராது.

அன்புள்ள சிஸ்டர்களே, பெற்றோர்களே! இத்தாள் உங்களிடம் வந்தால் நாங்கள் கேட்பது இதுதான். விதி எதுவும் வேண்டாம். சாப்பாட்டுக் கூடத்தின் மேற்குப் பக்க ஜன்னல்கள் மூன்றும் துருப்பிடித்துத் திறக்க முடியாமல் இருக்கின்றன. அவற்றைப் பழுதுபார்த்துக் கொடுங்கள். வேப்பமரத்தடியில் இன்னும் இரண்டு பெஞ்சுகள் போடுங்கள். கை கழுவும் இடத்தில் சோப்பு வையுங்கள். மார்மைட்டோ கருவாடோ, விரலில் தங்கும் வாடை பிற்பகல் கணக்குப் பாடம்வரை போவதில்லை என்பது உண்மைதான்.

இக்கட்டுரையை மலருக்குக் கொடுக்கும் இன்று அத்தாளில் பதினான்கு கையெழுத்துகள் இருக்கின்றன. நேற்றுவரை பதினாறு இருந்தன.