தமிழ், மலாய் ஊடகத் திட்டமிடல் பிரிவு நீக்கம்: சங்கத்தின் நிலைப்பாடு

நடந்ததை உறுப்பினர்களுக்குத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூரின் விளம்பர நிறுவனம் ஒன்று, தமிழ், மலாய் ஊடகங்களுக்கான தனித் திட்டமிடல் பிரிவைப் பொதுப் பிரிவோடு இணைத்துவிட்டது. அங்கிருந்த மீடியா பிளானர்களின் வேலையும் அதோடு போனது.

செலவைக் குறைத்துக்கொள்ளும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் உண்டு என்பதைச் சங்கம் மறுக்கவில்லை. (‘மறுக்கவில்லை’ என்ற இந்தச் சொல்லுக்கே செயற்குழுவில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது.) ‘எண்கள் கைகொடுக்கவில்லை’ என்று அந்த நிறுவனம் சொன்ன காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

எந்த எண்கள்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர் 9 விழுக்காடு. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு; 2010இல் அது 3 விழுக்காட்டுக்கும் மேல். இந்தச் சரிவை நாங்கள் மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் 1,000 பேரிடம் ஊடக ஆய்வு நடத்தினால், விகிதப்படி இந்தியர் 90 பேர் வருவார்கள். வீட்டில் தமிழ் பேசுபவர்கள் ஏறத்தாழ 25. அதிலும் 25 முதல் 34 வயதுப் பெண்கள் என்று வடிகட்டினால், மிஞ்சுபவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். உடனே திரையில் அந்தக் கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறி வந்து உட்காரும்: மாதிரி போதவில்லை. இன்னும் பலரைக் கேள் என்பதுதான் அதற்குப் பொருள். பிளான் கிளையண்டின் மேசைக்குப் போவதற்குள் அது ‘அங்கே ஆளில்லை’ என்று மாறிவிடுகிறது. ஆளில்லாத இடத்துக்கு யார் பட்ஜெட் ஒதுக்குவார்? சிறுபான்மையினரிடம் கூடுதல் மாதிரி எடுத்து, பிறகு மொத்தக் கணக்கில் அவர்களின் எடையைச் சரிசெய்வது ஆய்வுத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த பழைய முறை. அதற்குப் பணம் வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்துவிட்டு, அளக்காத மக்களை இல்லாத மக்கள் என்று எழுதுவது வருந்தத்தக்கது என்று முதல் வரைவில் இருந்தது. அது வருந்தத்தக்கது மட்டுமல்ல, பித்தலாட்டம்.

‘இந்தியர்தான் ஆங்கிலம் படிக்கிறார்களே’ என்பது அடுத்த வாதம். படிக்கிறார்கள். காரில் ஒலி 96.8 வைப்பவரும், அப்பாவுக்காகத் தமிழ் முரசு வாங்குபவரும் அவர்களேதான்.

சிறுபான்மையினரைப் பொருட்படுத்தாத விளம்பரம் எங்கே போய் முடியும் என்பதற்கு, 2019 ஜூலையில் மின்னணுக் கட்டணச் சேவை விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவர் தோலைப் பழுப்பாக்கிக்கொண்டு இந்தியராக வந்ததையும், பிறகு வந்த மன்னிப்புகளையும் இங்கே நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

தனிப் பிரிவு மீண்டும் வேண்டுமா என்பதில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து இல்லை. தமிழ் டெஸ்க்கில் உட்கார்ந்தவருக்குத் தீபாவளி பிளானைத் தவிர வேறெதுவும் வருவதில்லை, வங்கி, கார் கணக்குகள் பக்கமே விடமாட்டார்கள் என்கிறார்கள் இளைய உறுப்பினர்கள். டெஸ்க் போனால் தீபாவளியும் போகும் என்கிறார்கள் மூத்தவர்கள். இரண்டிலும் நியாயம் இருப்பதாகக் கருதுகிறோம். எனவே, இயன்றவரை, பொதுப் பிரிவுக்குள்ளேயே பெரிய கணக்குகளிலும் சிறுபான்மை ஊடகம் அறிந்த பிளானர் ஒருவராவது இடம்பெறுவதை நிறுவனங்கள் பரிசீலிக்க வேண்டும். கூடுதல் மாதிரி விஷயத்தில் ‘இயன்றவரை’ கிடையாது. அது இல்லாத ஆய்வை ஆதாரமாகக் காட்டும் பிளானில் உறுப்பினர்கள் தங்கள் பெயரைப் போட வேண்டாம்.

இன்னொன்று. பிரிவை மூடிய பிறகும், தீபாவளி விளம்பரத்தில் கொம்பு எழுத்தைத் தாண்டி நிற்கிறது, புள்ளியைக் காணோம், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று, வேலை இழந்தவர்களுக்கே வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். மெய்ப்புப் பார்ப்பதற்கான கட்டணப் பட்டியல் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது.