வைத்திருப்பதும் பேணுவதும்

மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.எல். என்னும் ஜெர்மானியக் கார் 1954-இல் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதன் கதவுகள் சிறகென மேல்நோக்கித் திறந்தமைக்கு அலங்கார ஆசை காரணமன்று. பக்கவாட்டில் உயர்ந்த எஃகுக் குழாய்ச் சட்டம் வழக்கமான கதவுக்கு இடம் தரவில்லை. இவ்வகைக் கார்கள் உருவானவை சுமார் 1,400. ஆதலின் உடையவர் பூட்டிக் காக்கவே விழைவர். பிழை அங்கேதான் நேர்கிறது. சாவியைத் திருப்பி அணைத்த பின்னும், எஞ்சின் சுழற்சி ஓயும்வரை பம்ப் பெட்ரோலைச் செலுத்துகிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிக் கீழிறங்கி, எண்ணெயையே நீர்க்கச் செய்கிறது. நன்கு சூடேறினாலன்றி அது ஆவியாகாது. எண்ணெயோ மிகுதி, குறுந்தூரத்தில் சூடேறாது. ஓரிரு நிமிடம் இயக்கி அணைப்பவர் பேணுவதாக எண்ணித் தேய்க்கிறார். நெடுந்தூரம் ஓட்டுவதும், எண்ணெயை அடிக்கடி மாற்றுவதுமே பேணல். பூட்டிய பொருள் காவலாலேயே கெடும் என்பதை நாம் மறவாதிருப்போமாக.